பெர்னார்ட் அண்ணன் வீட்டுக் கார்னிஸ்

பெர்னார்ட் அண்ணனுக்கு உட்காரத் தெரியாது. ஆங் மோ கியோவில் அவருடைய மூவறை வீட்டில் நல்ல நாற்காலிகள் இருக்கின்றன. நான் அங்கே போகத் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ஒன்றிலாவது அவர் முதுகைச் சாய்த்து நான் பார்த்ததில்லை. விளிம்பில் அமர்வார், உடனே எழுந்துவிடுவார். குழாயை மூடினேனா என்று பார்க்கப் போவார். திரும்பி வந்து ஜன்னல் வழியே கார் நிறுத்துமிடத்தை எட்டிப் பார்ப்பார். காப்பியை நின்றுகொண்டே குடித்துவிட்டு, கோப்பையை எங்கே வைத்தோம் என்று தேடுவார்.

அவருடைய மனைவி பிலோமினம்மாளைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் சில காலை வேளைகள் நான் போகிறேன். பராமரிப்புப் பயிற்சியை வயதான பிறகுதான் எடுத்தேன். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, முதுகில் புண் வராமல் பார்ப்பது. இவை வேலைகள். ஒழுங்காகச் செய்தால் நோயாளிக்கும் நல்லது, செய்கிறவருக்கும் இடுப்பு பிடிக்காது.

பிலோமினம்மாளுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. பார்வையில் வலது பாதியும் போயிற்று. கண்களில் குறையில்லை, ஆனால் வலப்பக்கம் இருப்பது அவருக்குத் தெரியாது. இடது கையால் தானே சாப்பிடும் நேரங்களில், தட்டின் இடது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு வலது பாதியை அப்படியே விட்டுவிடுவார். மருத்துவமனையிலேயே இதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். தட்டைத் திருப்பி வைப்பது அண்ணனுக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது.

அண்ணன் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாரந்தூக்கியை ஓட்டுகிறவருக்குக் கீழே நின்று கை காட்டுவது அவருடைய வேலை. தூக்கு, நிறுத்து, மெதுவாக இறக்கு, எல்லாம் கையால். “அங்க என் கைய பாத்துத்தான் கிரேனே அசையும் லட்சுமிம்மா. வீட்டுல என் கைக்கு மரியாதையே கிடையாது” என்பார். அது உண்மைதான். திரைச்சீலை, தட்டுமுட்டு, அவருடைய சட்டை, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தது பிலோமினம்மாள். மகளுக்கு ரோசலின் என்று பெயர் வைக்க அண்ணன் ஆசைப்பட்டாராம். மகளின் பெயர் ஜோவன்னா.

ஆஸ்பத்திரிக் கட்டில் படுக்கையறைக்குள் நுழையாததால் ஹாலில் போட்டிருந்தார்கள். பிலோமினம்மாள் நாளெல்லாம் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மேல் வீட்டு ஏர்கான் குழாய் கசிந்து, அந்த சீலிங்கின் ஓரம் ஊறி உப்பிவிட்டது. சுரண்டிப் பூசினார்கள். பூசிய பிறகு, சுவரும் சீலிங்கும் சேருகிற இடத்தில் கோணலாக ஒரு கோடு நின்றுவிட்டது. பூச்சு வேலையைப் பார்த்த நூர்தீன்தான் வழி சொன்னார். சீலிங்கைச் சுற்றிவரக் கார்னிஸ், அதாவது மூலையை மூடும் அலங்காரப் பட்டை, ஒட்டினால் கோடு மறைந்துவிடும்.

கார்னிஸ் என்றதும் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது. காத்தோங்கில் ஒரு சிநேகிதி வீட்டில் பார்த்துவிட்டு வந்து, நம் ஹாலுக்கும் கார்னிஸ் வேண்டும் என்று பிலோமினம்மாள் பல வருடம் கேட்டிருக்கிறார். “அரசாங்கம் கட்டின வீவக வீட்டுக்கு எதுக்கு மாளிகை அலங்காரம்?” என்று இவர் தட்டிக்கழித்திருக்கிறார்.

“இப்ப போட்டே ஆகணும். அவளே பாத்து எடுக்கட்டும்” என்றார்.

ஒரு சனிக்கிழமை ஜோவன்னா அம்மாவோடு இருக்க, நானும் அண்ணனும் தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு ஜாலான் புசாருக்கு நடந்தோம். நடந்தது நான். அவர் ஓடினார். சிராங்கூன் சாலையில் பச்சை விளக்கு வருமுன் இறங்கிவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“அண்ணே, நீங்களும் படுத்துக்கிட்டா ரெண்டாவது கட்டில் போட ஹால்ல இடமில்ல.”

“கடை மூடிடுவான் லட்சுமிம்மா.”

“காலையில பத்து மணிக்கா?”

கடைக்குள் ஒரு சுவர் முழுக்கக் கார்னிஸ் துண்டுகள் தொங்கின. அண்ணன் ஒவ்வொன்றையும் எடுத்தார், தலைக்கு மேலே பிடித்தார், கண்ணைச் சுருக்கினார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைக்காரச் சீனப் பெண் என் பையிலிருந்த தெங்கிரி மீனைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

“மீன் கெட்டுப்போகுது. ஒண்ண எடுங்கண்ணே.”

“மீன் வேற வாங்கிக்கலாம். இது ஒட்டினா ஒட்டினதுதான்.”

கடைசியில் முழ நீளத்தில் மூன்று துண்டுகளை இரவலாக வாங்கிக்கொண்டு வந்தோம். ஒன்றில் பூக்கொடி. ஒன்றில் முத்து வரிசை. மூன்றாவது ஒரு வேலைப்பாடும் இல்லாத வெறும் வளைவு. அதை அந்தப் பெண்ணே பையில் போட்டார். சீலிங் தாழ்வான வீட்டுக்கு அதுதான் எடுப்பாக இருக்கும் என்றார். அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றே காட்டும் படலம் தொடங்கியது. கட்டிலின் கால்மாட்டில் நின்று, கைக்கு ஒன்றாக உயர்த்திப் பிடிப்பார்.

“பிலோ, இங்க பாரு. இதுவா? இதுவா?”

பிலோமினம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தார். இடது கை மெல்ல எழுந்து பூக்கொடியைக் காட்டியது. அண்ணன் துள்ளினார். “பாத்தீங்களா! எனக்கும் அதான் புடிச்சிது!” உடனே நூர்தீனுக்கு ஃபோன்.

ஆனால் அண்ணன்தான் அமைதியாக இருக்கத் தெரியாதவர் ஆயிற்றே. மறுநாள், பூக்கொடி சின்ன ஹாலுக்குக் கனமாக இருக்குமோ என்று சந்தேகம். முத்து வரிசையையும் சேர்த்து மறுபடி காட்டினார். இம்முறை கை முத்து வரிசைக்குப் போனது. மறுபடி நூர்தீனுக்கு ஃபோன். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் பூக்கொடி.

நூர்தீன் நல்ல மனிதர். சீலிங்கை அளக்க வந்தபோது என்னிடம் கேட்டார்: “ஆன்ட்டி, நான் ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் முத்துன்னு ஒட்டிடட்டுமா? நாளைக்கு ஒண்ணு புடிக்கலன்னா அங்கிள் அந்தப் பக்கம் திரும்பிக்கலாம்.”

“அங்கிள் காதுல விழுந்தா அதையும் செய்யச் சொல்வார், பேசாம இருங்க” என்றேன்.

எனக்கு இது வெறும் வீட்டு அலங்காரப் பிடிவாதமாகத்தான் பட்டது. ஜோவன்னா வந்து பேசிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

பொங்கோலில் இருக்கிற ஒரு தாதிமை இல்லத்தில் இடம் கிடைத்திருப்பதாக அவள் சொன்னாள். ஜோவன்னாவின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

“டாடி, உங்களுக்கும் வயசாச்சு. போன வாரம் எம்ஆர்டி ரயில்ல தூங்கி, எறங்குற ஸ்டேஷன் தாண்டி ஈஷூன் வரைக்கும் போயிருக்கீங்க. வீட்டோட ஒரு ஹெல்ப்பர் வைக்கலாம்னா வேணாங்குறீங்க. அம்மாவுக்கு யார் பாத்துக்குறாங்கன்னுகூட தெரியல. தெரிஞ்சா நான் இப்படிப் பேசவே மாட்டேன்.”

“தெரியலையா? கார்னிஸ் எடுக்குறா! இது வேணும், அது வேணாம்னு சொல்றா! ஒண்ணும் தெரியாதவ எப்படி எடுப்பா?”

ஜோவன்னா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன் என்றேன். பார்த்தது உண்மைதானே.

“சரி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரேன். என் முன்னால எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் பேசுவோம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. அவள் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். அந்த மனிதர் தூங்குவதே இல்லை. ஆனால் முன்பின் தெரியாதவர் கையால் மனைவி சாப்பிடுவாளா என்ற பயம் அவரை இன்னும் ஓட வைத்தது. தரையைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். கட்டிலின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டார். நான் பிலோமினம்மாளுக்குத் தலை வாரினால், வாரியது சரியா என்று வந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்க்கப்போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தடுமாறக் கூடாதாம். கால்மாட்டில் நின்று இரண்டையும் தூக்கிப் பிடித்தார். பிலோமினம்மாளின் கை பூக்கொடியைக் காட்டியது. அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. இரண்டு துண்டுகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஃபோனை அமர்த்திவிட்டு, மறுபடி தூக்கிப் பிடித்தார். கை இப்போது முத்து வரிசையைக் காட்டியது.

“அடிப்பாவி, அதுக்குள்ள மனசு மாறிட்டியா?” என்று அண்ணன் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டுகள் கை மாறியிருந்தன. அவர் எதிரே நிற்கும்போது அவருடைய வலது கைதான் பிலோமினம்மாளின் இடப்பக்கம். அண்ணனின் இடது கையில் இருப்பது அந்த அம்மாளுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்த ஒன்றைக் காட்டினார், அவ்வளவுதான். தட்டுக்கு அத்தனை கவனமாக இருந்த நாங்கள் இருவரும் இதில் கோட்டை விட்டிருந்தோம்.

சமையலறைக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணே, அவங்க எதையும் தேர்ந்தெடுக்கல. உங்க வலது கையில என்ன இருக்கோ அதைத்தான் காட்டுறாங்க. அது மட்டுந்தான் அவங்களுக்குத் தெரியுது.”

“தட்டைத் திருப்பி வைக்கிறேனே நான்...”

“ஆமா. நானும் பக்கத்துலதானே நின்னேன்? எனக்கும் தோணல.”

கழுவிய கோப்பையை எடுத்து மறுபடி கழுவினார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் குழாயை மூடினேன்.

“எனக்கு எது புடிக்குதோ அதைத்தான் வலது கையில எடுப்பேன்” என்றார். “அப்ப இத்தனை நாளா நான் என்கிட்டயேதான் கேட்டுக்கிட்டு இருந்தேனா?”

நான் கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

“நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு லட்சுமிம்மா. நான் எடுத்தது ஒண்ணுகூட அவளுக்குப் புடிச்சதில்ல. திடீர்னு புடிக்குதுன்னதும் எனக்கு சந்தேகம் வந்திருக்கணும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஜோ கிட்ட இதைச் சொல்லாதீங்க.”

“நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். கேட்டா மறைக்கவும் மாட்டேன்.”

“நீங்க யார் பக்கம்?”

“பிலோமினம்மாள் பக்கம். எதுவா இருந்தாலும் அவங்களுக்குத் தெரியுற பக்கம் நின்னு, ஒவ்வொண்ணா காட்டிக் கேளுங்க. இதுவரைக்கும் யாரும் கேட்கல.”

“கேட்டு, ஒண்ணும் சொல்லலன்னா?”

அதுதான் அவருடைய பயம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. “சொல்லலன்னா சொல்லல” என்றேன். அவர் வெளியே போய், மின்தூக்கியை விட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்கும் சத்தம் கேட்டது. நான் மதியச் சாப்பாட்டை ஊட்டி முடிக்கும் வரை திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை நாள் இல்லை. “வரீங்களா?” என்று மட்டும் ஃபோனில் கேட்டார். போனேன். ஜோவன்னா பூசைக்கு உடுத்திய சேலையோடு வந்திருந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. நல்ல செய்தி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது.

அண்ணன் கால்மாட்டில் நின்றார். வலது கையில் பூக்கொடி. இடது கையில் வெறும் வளைவு. அப்படியே உயர்த்தினால் போதும். பிலோமினம்மாளின் கை பூக்கொடிக்குப் போகும், மகள் நம்புவாள், தாதிமை இல்லம் என்ற பேச்சு அன்றோடு முடியும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. கைகள் பாதி எழுந்து நின்றன. பாரந்தூக்கிக்கு நிறுத்து என்று காட்டியவர் போல நின்றார்.

“டாடி?”

கைகளை இறக்கினார். “ஜோ, நான் உன்கிட்ட சொன்னதெல்லாம் தப்பு” என்று தொடங்கி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வலது கை, இடது கை, தட்டு, ஃபோன் அடித்தது. ஜோவன்னா கண்களை மூடித் திறந்தாள்.

“அப்ப நான் சொன்னதுதானே டாடி...”

“இரு. இப்பதான் முதல் தடவையா கேக்கப்போறேன்.”

கட்டிலைச் சுற்றி இடப்பக்கம் வந்தார். நான் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திவிட்டுத் தள்ளி நின்றேன். பூக்கொடியை பிலோமினம்மாளின் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

“பிலோ, சுத்திவர சீலிங்குக்கு. கார்னிஸ். நீ கேட்டியே. இது வேணுமா?”

பிலோமினம்மாள் பார்த்தார். விரலால் ஒரு பூவின் பள்ளத்தைத் தடவினார். அண்ணனின் முகம் மலர்ந்தது. அதற்குள் பிலோமினம்மாள், விலை கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்கிறவரைப் போல, புறங்கையால் அதைத் தள்ளிவிட்டார்.

அண்ணன் முத்து வரிசையை நீட்டினார். மனைவி அதையும் தடவினார். அதையும் தள்ளினார்.

வெறும் வளைவை நீட்டும்போது அண்ணனின் கையில் உற்சாகமே இல்லை. பிலோமினம்மாள் அதை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தடவினார். பிறகு பிடித்துக்கொண்டார். விடவில்லை.

“சும்மா கையில அகப்பட்டுக்கிச்சு டாடி. அதுக்குப் போய்...” என்றாள் ஜோவன்னா.

“அப்ப நீயே காட்டு” என்றேன் நான். அவள் பையைக் கீழே வைத்தாள். துண்டை மெதுவாக விடுவித்து வாங்கி, வரிசையை மாற்றினாள். வெறும் வளைவு முதலில். பிடித்துக்கொண்டார். பூக்கொடியைக் காட்டினாள். பிடித்ததை விடாமல் முழங்கையாலேயே பூக்கொடியை ஒதுக்கினார். மறுபடி வாங்கி, முத்து, வளைவு, பூ என்று காட்டினாள். மறுபடியும் வளைவுதான்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

“இதா? ஏய் பிலோ, இது பாலிகிளினிக் மாதிரி இருக்கு லா! இதுக்கா நான் ஜாலான் புசார் முழுக்க அலைஞ்சேன்? பூ எவ்வளவு அழகா இருக்கு, நல்லா பாரு!” என்று பூக்கொடியை மறுபடி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

பிலோமினம்மாளின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியின் சத்தம் எனக்குத் தெரியும், பசியின் சத்தமும் தெரியும். இது எரிச்சல். கையிலிருந்த வளைவாலேயே ஓங்கித் தட்டியதில் பூக்கொடி தரையில் விழுந்து மூலை உடைந்தது.

“பாரு, கடைக்காரிக்கு நான் என்ன பதில் சொல்றது? எப்பவும் இப்படித்தான்! நான் ஒண்ண எடுத்தா ஆகாது உனக்கு!”

“டாடி, விடுங்க” என்றாள் ஜோவன்னா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை. குனிந்து உடைந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். “பூ வேலைன்னா தூசி சேரும்னு அம்மாவுக்குப் புடிக்காது. என் கல்யாணக் கட்டிலுக்கே அதைத்தானே சொன்னாங்க. யார் ஏறித் தொடைக்கிறதும்பாங்க.”

“நான் தொடைப்பேன்!”

“நீங்க ஏணியில ஏறிடக் கூடாதுன்னுதான்.”

அண்ணன் மனைவியின் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். தோற்றுப்போனவரின் முகம்தான் அது. ஆனால் அவ்வளவு தெளிவான முகத்தை நான் அந்த வீட்டில் அதற்கு முன் பார்க்கவில்லை.

ஜோவன்னா திங்கட்கிழமை அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சும்மா சொல்லவில்லை. வீட்டோடு இருக்கும் உதவியாளர் ஒருவரை வைக்க வேண்டும், மதியம் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும் என்று கறாராக நிபந்தனை போட்டாள். இந்த ஏற்பாட்டால் அண்ணன் முகத்தில் கொஞ்சம் சதை பிடிக்கவில்லை என்றால் ஆண்டு முடிவில் மறுபடி பேசுவோம் என்றாள். நியாயமான பேச்சு. பிலோமினம்மாள் என்றைக்கும் இப்படியே இருப்பார் என்று நானும் உறுதி கொடுக்க மாட்டேன். இன்றைக்குக் கேட்டால் பதில் சொல்கிறார். கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.

புதிதாக வந்த பெண்ணுக்கு அண்ணன் முதலில் கற்றுக்கொடுத்தது எங்கே நின்று பேச வேண்டும் என்பதை. என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்தார், அதட்டல்தான் கொஞ்சம் அதிகம்.

நூர்தீன் கார்னிஸை ஒட்டிக் கோணல் கோட்டை மறைத்தார். அடுத்த நாளே அண்ணன் அவரை மறுபடி அழைத்தார். சாயம் பூச வேண்டுமே! வெள்ளையிலேயே ஏழெட்டு வெள்ளை இருக்கிறதாம். அட்டையை வாங்கிக்கொண்டு இடப்பக்கம் போய் நின்றார்.

“பிலோ, இது பால் வெள்ளை. இது முட்டைத்தோடு. இது கொஞ்சம் மஞ்சள் கலந்தாப்ல. எது?”

பிலோமினம்மாள் அட்டையைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். கண்களை மூடிக்கொண்டார்.

“தூங்கிட்டாளா?”

“இல்லண்ணே” என்றேன். “முழிச்சுத்தான் இருக்காங்க.”

நூர்தீன் ஏணியிலிருந்து இறங்கி அட்டையை வாங்கிக்கொண்டார். “பால் வெள்ளையே அடிச்சிடுறேன் அங்கிள்.”

“முட்டைத்தோடு நல்லாருக்கும்னு தோணுது” என்றபடி அண்ணன் ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார்.